ஓட்டு போடாதவருக்கு அபராதம் சரியா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: படித்தவர்களுக்கும் நாட்டு நடப்பு தெரிந்தவர்களுக்கும் மட்டும் ஓட்டு என்று வைத்தால் நல்ல ஆட்சி வருமே?

பதில்: அந்தத் தகுதியை யார் சோதிப்பது என்று யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இதைச் செய்தார்கள். பட்டியலில் பெயர் சேர்க்க வருபவரிடம் அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைக் கொடுத்து வாசித்து விளக்கச் சொல்வார்கள். விளக்கம் சரியா என்று முடிவு செய்பவர் எதிரில் உட்கார்ந்திருக்கும் பதிவு அலுவலர்தான். வெள்ளையருக்கு எளிய வரி, கறுப்பருக்குச் சிக்கலான பத்தி. நன்கு படித்த கறுப்பினத்தவர்கூட 'தேறவில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1965-ல் வந்த வாக்குரிமைச் சட்டம்தான் அங்கே இதற்கு முடிவு கட்டியது. ஓட்டை உரிமையாக இல்லாமல் சலுகை என்று வைத்துவிட்டால், கொடுக்கிற கையே பிடுங்கவும் செய்யும். அப்புறம், மோசமான சட்டத்தின் அடி படிக்காதவர் மீதும் விழுகிறதே! அதைத் தடுக்க அவருக்கு வேறு என்ன வழி இருக்கிறது?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் ஓட்டு போடாவிட்டால் அபராதமாமே, அது அநியாயம் இல்லையா?

பதில்: எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே 1922 தேர்தலில் 60 சதவீதம் பேர்கூட ஓட்டு போடவில்லை. 1924-ல் கட்டாயச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலிலேயே வாக்குப்பதிவு 91 சதவீதத்தைத் தாண்டியது. கூட்டாட்சித் தேர்தலில் அபராதம் 20 டாலர்தான். தக்க காரணம் சொன்னால் அதுவும் இல்லை. ஆனால் அபராதத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். வாக்குப்பதிவு சனிக்கிழமை நடக்கிறது, தபாலில் போடலாம், முன்கூட்டியே போடலாம், எட்டாத ஊர்களுக்கு அலுவலர்களே பெட்டியோடு போகிறார்கள். மக்களைக் கட்டாயப்படுத்தும் அரசு, ஓட்டு போட வசதி செய்து தரும் கடமையைத் தானும் ஏற்கிறது. வேலைநாளில் தேர்தல் வைத்து, விடுப்பும் தராமல், பட்டியலில் பெயரையும் விட்டுவிட்டு அபராதம் கேட்டால் அது அடாவடி.

கேள்வி: எந்த வேட்பாளரையும் பிடிக்காதவர் என்ன செய்வது?

பதில்: ஆஸ்திரேலியாவில் வாக்குச்சாவடிக்குப் போய், சீட்டை வெறுமையாகப் பெட்டியில் போடலாம். ரகசிய வாக்கெடுப்பில் அதை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

கேள்வி: ஒரே விஷயம் எப்படி உரிமையாகவும் கடமையாகவும் இருக்கும்?

பதில்: இத்தாலியின் 1948 அரசியல் சட்டம் ஓட்டை ஒவ்வொருவருக்கும் சமமாக, சுதந்திரமாக, ரகசியமாகத் தந்துவிட்டு, அதைப் பயன்படுத்துவது குடிமைக் கடமை என்கிறது. இந்த வரிசைதான் முக்கியம். முதலில் உரிமை கையில் இருக்க வேண்டும்; கடமையைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

கேள்வி: சிறையில் இருப்பவருக்கும் ஓட்டு வேண்டுமா?

பதில்: வேண்டும். இரண்டு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை பெற்றவர்களுக்கு ஓட்டு இல்லை என்ற சட்டத்தை கனடா உச்ச நீதிமன்றம் 2002-ல் ரத்து செய்தது. அதுவே சரி என்பேன். இல்லாவிட்டால், பிடிக்காதவர்களை உள்ளே தள்ளியே ஓர் ஆட்சி வாக்காளர் பட்டியலைக் குறைத்துக்கொள்ளலாம். தேர்தல் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டவரை மட்டும், ஒரு காலக்கெடு வைத்துத் தடுப்பதை என்னால் ஏற்க முடிகிறது.