தொய்ந்த தாடைக்கு நூல் போதுமா?

கேள்வி: எனக்கு 57 வயது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறேன். தாடையோரச் சதை தொங்கிவிட்டது, கழுத்தில் இரண்டு பட்டைகள் தெரிகின்றன. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். மூன்று மாதத்தில் மகளுக்குத் திருமணம். புதுச்சேரியில் ஓர் அழகு நிலையத்தில், தோலுக்கு அடியில் நூல் கோத்துத் தூக்கினால் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. நூல், லேசான தொய்வுக்கு. அது கரையக் கரையப் பலனும் மங்கிவிடும். கழுத்துப் பட்டைகளுக்கு அது தீர்வே அல்ல. அவை பிளாட்டிஸ்மா என்ற தசையின் ஓரங்கள்.

அந்தத் தசை மேலேறி, கன்னத்தில் ஸ்மாஸ் என்ற உறையாகத் தொடர்கிறது. 1976இல் மிட்ஸ், பெய்ரோனி என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். உங்களுக்குப் பொருந்துவது முகத்தைத் தூக்கும் அறுவை. அதில் தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் அது மறுபடி தளரும், தழும்பு அகலும், தோடு போடும் சோணை கீழே இழுபட்டுக் கன்னத்தோடு ஒட்டியதுபோல் ஆகிவிடும். ஆண்டுக்கணக்காக ஜிமிக்கி சுமந்த காதுகளில் அது பளிச்சென்று தெரியும். பாரத்தைத் தாங்க வேண்டியது அந்த உறைதான்.

காதைச் சுற்றிக் கீறி, உறையை மடித்துத் தைப்பது ஒரு முறை. உறைக்கு அடியிலேயே புகுந்து, பிடித்திருக்கும் தசைநார்களை விடுவித்து மொத்தமாக உயர்த்துவது டீப் பிளேன் முறை. பட்டைகளுக்கு, மோவாய்க்குக் கீழே சிறு கீறல் போட்டு இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைப்பார்கள். முறையின் பெயரைவிட, அதை அடிக்கடி செய்து பழகிய கைதான் முக்கியம் என்பது என் கருத்து. அறுவை செய்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. என்ற மேற்படிப்பை முடித்தவரா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

உங்கள் விஷயத்தில் என்னைக் கவலைப்படுத்துவது இரத்த அழுத்தம். தோலுக்கு அடியில் இரத்தம் தேங்குவதுதான் இந்த அறுவையில் அதிகம் வரும் சிக்கல், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். அழுத்தம் எகிறினால் அந்த ஆபத்தும் கூடும். ஆஸ்பிரின் சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். முகநரம்பு பாதிக்கப்பட்டு உதடு ஒரு பக்கம் கோணுவது அரிது, ஆனால் நேரக்கூடியது. சோணை சில மாதங்கள் மரத்திருக்கலாம், அதுவரை கண்ணாடி பார்த்துத்தான் தோடு மாட்ட வேண்டியிருக்கும்.

கன்றலும் வீக்கமும் பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் வடியும், முழுதாக அடங்க மாதங்களாகும். அழுத்தம் கட்டுக்குள் இருந்தால் இந்த மாதமே செய்யுங்கள். இல்லையென்றால் திருமணம் முடியட்டும். பத்திரிகை வைக்க வெயிலில் அலையும் நாட்களில் புதுத் தழும்பு கறுத்துவிடும்.