நின்ற லட்சுமி, அமர்ந்த லட்சுமி – கடிதம்

அன்புள்ள ஐயா,

இந்த வருடம் வரலட்சுமி நோன்பைக் கொஞ்சம் விமரிசையாகச் செய்யலாம் என்றிருக்கிறோம். கணவருக்குப் பாத்திரக்கடை. கடைக்கு எதிரே பாலம் கட்டுகிறேன் என்று ரோட்டைத் தோண்டிப் போட்டு ஒன்றரை வருடமாகிறது, வியாபாரமே படுத்துவிட்டது. எங்கள் பூஜையறையில் இருப்பது நின்ற கோல லட்சுமி படம். நின்ற லட்சுமி வீட்டில் தங்கமாட்டாள், அமர்ந்த லட்சுமியைத்தான் வைக்கவேண்டும், கையிலிருந்து விழும் காசும் தரையில் சிதறாமல் குடத்தில் விழவேண்டும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். படத்தை மாற்றிவிடலாமா? எந்தத் திசை பார்த்து மாட்டுவது? ஸ்ரீசூக்தத்தை 48 நாள் கேட்டால் போதுமா, வாய்விட்டுச் சொல்லவேண்டுமா? யானை, தாமரை இவற்றுக்கெல்லாம் என்ன அர்த்தம்? கணவர் ‘எல்லாம் வியாபாரம்’ என்று சிரிக்கிறார். மாமியாரோ, கணவரின் அத்தை எங்களோடு வந்து தங்கியதிலிருந்துதான் கடை இறங்கியது என்கிறார். அத்தைக்குக் கணவர் இல்லை. நோன்பன்று அவர் தானாகவே மாடி அறைக்குப் போய்விடுவார், அதனால் பிரச்சினை ஒன்றுமில்லை. விளக்கமாக எழுதுங்கள்.

ச.

அன்புள்ள ச.,

படத்தை மாற்றவேண்டாம். பெருமாள் கோயில்களில் உற்சவருக்குப் பக்கத்தில் ஸ்ரீதேவி நின்றுகொண்டுதான் இருக்கிறாள். அதனால் எந்தக் கோயில் உண்டியலும் காலியானதாக நான் கேள்விப்பட்டதில்லை. 1890களில் ரவிவர்மாவின் அச்சகத்திலிருந்து வந்து ஊரெல்லாம் பூஜையறைகளில் ஏறிய லட்சுமியும் நின்றவள்தான். குப்தர்களின் பொற்காசுகளில் இரண்டு விதமாகவும் இருக்கிறாள். இரண்டாம் சந்திரகுப்தனின் காசுகள் சிலவற்றில் வலக்கையால் காசை இறைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள், கீழே குடம் கிடையாது. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் வட இந்தியாவைப் பிடித்த முகமது கோரிகூட, தன் பெயரை நாகரியில் பொறித்து விட்ட தங்கக் காசின் மறுபுறம் அமர்ந்த லட்சுமியை அப்படியே வைத்துக்கொண்டார். வாங்குகிறவன் எந்த முகத்தை நம்புவான் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். அவளும் அவரிடம் திசை கேட்கவில்லை. ஆணி இருக்கிற சுவரிலேயே உங்கள் படமும் இருக்கட்டும்.

48 நாள் கணக்கை யூடியூப்காரரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. அட்சய திருதியையன்று நகைக்கடை வாசலில் நெரியும் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றும்.

யானையைப் பற்றிக் கேட்டீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்லத் தோன்றுகிறது. லட்சுமியின் மிகப் பழைய உருவங்களில் சில பார்ஹூத்திலும் சாஞ்சியிலும் இருக்கின்றன. பௌத்தத் தூபிகளின் வேலிகளிலும் தோரணங்களிலும், இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய கல்லில், தாமரைமேல் அவள் இருக்க, இரண்டு பக்கமும் யானைகள் துதிக்கையில் குடம் பிடித்துத் தலையில் நீர் ஊற்றுகின்றன. மாமல்லபுரத்து வராக மண்டபத்தில் அதே காட்சிக்குத் தோழிப்பெண்கள் குடம் ஏந்தி வருகிறார்கள். நம் கலித்தொகையில், குறிஞ்சிக்கலியில், மலையருவி வேங்கை மரத்தின்மேல் விழுவதைப் பார்க்கிற கண்ணுக்கு, ‘வரிநுதல் எழில்வேழம் பூநீர் மேல் சொரிதர’த் தாமரையில் வீற்றிருக்கும் திருவின் நினைவு வருகிறது. எங்கே பார்த்தாலும் தண்ணீர்தான். மழை வந்தால் அவள் வந்தாள், அவ்வளவு எளிய தேவி அவள். ஸ்ரீசூக்தத்தை முழுசாகப் பொருளோடு படித்தவர்களுக்குத் தெரியும், அதில் பொன், குதிரை, பசு எல்லாம் கேட்ட பிறகு ரிஷி அவளுடைய பிள்ளைகளையும் கூப்பிடுகிறார். ஒரு பிள்ளை கர்தமன், சேறு. இன்னொருவன் சிக்லீதன், ஈரம். ‘நீங்கள் என் வீட்டில் தங்குங்கள், உங்கள் அம்மாவையும் தங்கச் செய்யுங்கள்’ என்று சேற்றிடமும் ஈரத்திடமும் சிபாரிசுக்குப் போகிறார் அந்த ஆள். பளிங்குத் தரை போட்ட பூஜையறையில் யூடியூப் குழாய் வழியாக இதை ஓடவிடுகிறோம்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் ‘அதனால் பிரச்சினை ஒன்றுமில்லை’ என்று ஒரு வரி இருக்கிறது.

அம்மா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், திட்டப்போகிறேன். கடை ஏன் இறங்கியது என்று நீங்களே மூன்றாவது வரியில் எழுதியிருக்கிறீர்கள். ரோட்டைத் தோண்டியது உங்கள் கணவரின் அத்தையா? பாலத்துக்கு டெண்டர் விட்டவர் அவரா? மாமியார் வயதானவர், நாத்தனார் மேல் பழைய மனத்தாங்கல் ஏதாவது இருக்கும். அதை விடுங்கள். நீங்கள் படித்தவர், காரணத்தைத் தெளிவாக எழுதத் தெரிந்தவர். காரணத்தை எழுதிவிட்டு, அதே கையால் அந்தப் பழியையும் எழுதி, நடுவில் ஒரு மறுப்புக்கூடச் சொல்லாமல் போயிருக்கிறீர்கள். வீட்டில் அவர் காதுபடப் பேசும்போதும் இப்படித்தான் பேசாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நான் சில நாட்களாக லட்சுமியின் அக்காள் ஜேஷ்டையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். திருப்பரங்குன்றத்துக்குப் போய்வந்ததிலிருந்து. முருகன் கோயில் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். அங்கே கி.பி. 773இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் தளபதி சாத்தன் கணபதி திருப்பணி செய்தார், அவர் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் ஜேஷ்டைக்கும் கோயில் எடுப்பித்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. யோசித்துப் பாருங்கள். ஒரு தளபதியின் மனைவி, செல்வத்துக்குக் குறைவில்லாதவள், தன் பெயரில் கோயில் குடைய நினைக்கும்போது மூதேவிக்குக் குடைகிறாள். பெருத்த வயிறு, தொங்கிய மார்பு, காலைத் தொங்கவிட்டு அகல உட்கார்ந்த உடல், ஒரு பக்கம் மாட்டு முகத்து மகன், மறுபக்கம் மகள், காக்கைக் கொடி, துடைப்பம். பிள்ளை பெற்று, வேலை செய்து, அலுத்து உட்கார்ந்த ஒரு வீட்டுப் பெரியவளின் உடம்பு அது. பல்லவர் காலத்தில் வணங்கினார்கள், முற்காலச் சோழர் கோயில்களில் பரிவார தேவதைகள் எட்டில் அவளும் ஒருத்தியாக இருந்தாள். பிறகு மெல்ல மெல்லச் சுற்றாலையிலிருந்து எடுத்துக் குளக்கரையிலும் மரத்தடியிலும் போட்டார்கள். இன்று அவள் பெயர் வசவாக மட்டும்தான் வீட்டுக்குள் வருகிறது. ஆனால் அவள் கையிலிருந்த துடைப்பத்தைத் தாண்டினால் மட்டும் ‘மிதிக்காதே, லட்சுமி’ என்று பிள்ளைகளை அதட்டுகிறோம்!

பாற்கடலில் முதலில் வந்தவள் அவள், பிறகு வந்தவள் தங்கை. வள்ளுவர் இருவரையும் ஒரே குறளில் நிறுத்துகிறார்: ‘அவ்வித்து அழுக்காறு உடையானைச் செய்யவள் தவ்வையைக் காட்டி விடும்.’ அக்காளுக்கு வழிகாட்டிவிடுவது தங்கைதான். யாருடைய வீட்டுக்கு? பிறர் நன்றாக இருப்பதைப் பார்த்து எரிகிறவன் வீட்டுக்கு. கணவனை இழந்து தம்பி வீட்டில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் பெட்டியில் ஒளிந்துகொண்டு அவள் வருவதாக வள்ளுவர் எங்கும் சொல்லவில்லை.

ஸ்ரீசூக்தத்திலேயே ஜேஷ்டையை விரட்டச் சொல்லியிருக்கிறதே என்று உங்கள் வீட்டு வாத்தியார் எடுத்துக்காட்டக்கூடும். உண்டு. ‘க்ஷுத்பிபாஸாமலாம் ஜ்யேஷ்டாம் அலக்ஷ்மீம் நாசயாம்யஹம்.’ பசியும் தாகமுமாகிய அழுக்கு எதுவோ அதுவே மூத்தவள், அதை ஒழிக்கிறேன் என்கிறது வரி. ஒழிக்கவேண்டியது பசி. நோன்பன்று பூஜை முடியும்வரை மாடி அறையில் ஒரு வயதான மனுஷி வெறும் வயிற்றோடு காத்திருந்தால், அந்த மந்திரத்தின்படி உங்கள் வீட்டில் மூதேவி எங்கே இருக்கிறாள் என்று நீங்களே சொல்லுங்கள்.

எனக்கும் ஓர் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. கல்யாணமான சில வருடங்களிலேயே திரும்பி வந்துவிட்டவள். எங்கள் வீட்டு வரலட்சுமி நோன்பு முழுக்க அவள் கைவேலை. முதல் நாள் இரவே கொழுக்கட்டைக்குப் பச்சரிசியை ஊறவைத்து உலர்த்தி இடித்துச் சலித்துவிடுவாள். வெந்நீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு மாவைக் கிளறும்போது அகப்பையைத் தூக்கிப் பார்ப்பாள், மாவு ஒட்டாமல் சரிந்தால் பதம். எண்ணெய் தொட்ட கட்டைவிரலால் அந்த உருண்டையைக் குழித்துச் சுழற்றினால் தாள் மாதிரி மெல்லிசாகச் செப்பு எழும்பும். பூரணத்தை வைத்து அவள் மூடிய இடத்தில் கோடு தெரியாது. எங்கள் அம்மாவுக்குக் கடைசிவரை அது வரவில்லை. கலசச் செம்புக்குப் புளி போட்டுத் தேய்ப்பது, அரிசி நிரப்புவது, மாவிலை செருகுவது, சரடுக்கு மஞ்சள் நனைப்பது எல்லாம் அவள்தான்.

காலையில் வாசலிலிருந்து அம்மனை உள்ளே அழைக்கிற நேரம் வரும். அப்போது அவள் பின்கட்டு வழியாகத் தொழுவத்துக்குப் போய்விடுவாள். யாரும் போகச் சொன்னதில்லை. உங்கள் வீட்டைப் போலவே, தானாகத்தான்.

சின்னப் பையனான என் வேலை கொல்லைக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருப்பது. கூடத்தில் வாத்தியார் கணீரென்று சொல்வார்: ‘கந்தத்வாராம் துராதர்ஷாம் நித்யபுஷ்டாம் கரீஷிணீம்.’ மணத்தால் அறியப்படுபவள், சாணத்தின் வளத்தை உடையவள். இந்த வரிக்குப் பொருள் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. கூடத்தில் சாம்பிராணியும் தாழம்பூவும் மணக்க அந்த வரியைச் சொல்லிக்கொண்டிருந்தோம். சாணி மணக்கிற இடத்தில், பசுவின் பின்புறத்தைத் தடவிக்கொடுத்தபடி, புடவைத் தலைப்பெல்லாம் ஈர மாவு காய்ந்திருக்க அத்தை உட்கார்ந்திருந்தாள். பசுவின் பின்பக்கத்தில்தான் லட்சுமி என்று கோபூஜை செய்கிற குடும்பம் வேறு. வாசலில் நின்று யாரைக் கூப்பிட்டார்களோ தெரியவில்லை.

ஒரு வருடம் அம்மா துணிந்து தொழுவத்துக்கே போய், ‘அக்கா, நீங்க உள்ள வாங்க, உங்க கையால கலசத்த எடுத்து வைங்க’ என்று கூப்பிட்டாள். அத்தை வரவில்லை. ‘நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு இது’ என்று அம்மாவைத்தான் கடிந்துகொண்டாள். அம்மா திரும்பி வந்துவிட்டாள். மறுவருடம் யாரும் கூப்பிடவில்லை.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கும். மாமியாரைவிட அத்தையைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம். ஐம்பது அறுபது வருடம் ஒருவரை ஒரு மூலையில் உட்காரவைத்துவிட்டு ஒரே நாளில் எழுந்து வா என்றால் எப்படி வருவார்? மறுப்பார், அழுவார், கோபப்படுவார். உடனே ‘அவங்களுக்கே இஷ்டமில்ல’ என்று நிம்மதியாகக் கையைக் கழுவிவிடாதீர்கள். நோன்பன்று காலையில் போய்க் கூப்பிட்டால் அது சண்டையில்தான் முடியும், அதனால் பேச்சை இன்றைக்கே ஆரம்பியுங்கள். கடைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போய்க் கலசத்துக்கு எந்தச் செம்பு என்று அவரையே எடுக்கச் சொல்லுங்கள், பாத்திரக்கடைதானே. அன்றைக்குச் சரடை முதலில் அவர் கையில் கட்டுங்கள், தாம்பூலத்தை மடியில் வையுங்கள். சாஸ்திரம் கேட்டு யாராவது வந்தால் என் பெயரைச் சொல்லி அனுப்புங்கள், வசவு வாங்குவது எனக்குப் புதிதில்லை. மாமியார் முறைத்தால் உங்கள் கணவர் பேசட்டும். எல்லாவற்றையும் வியாபாரம் என்று சிரிக்கத் தெரிந்தவருக்கு, கடை ஏன் இறங்கியது என்று தன் அம்மாவிடம் ஒருமுறை உரக்கச் சொல்லவும் தெரியவேண்டும்.