கீ சிக்னேச்சரை மனப்பாடம் பண்ணித்தான் ஆகணுமா?

கீபோர்டு கிரேடு எக்ஸாமுக்காக எந்த கீக்கு எத்தனை ஷார்ப், எத்தனை ஃப்ளாட்னு டேபிளா உருப்போடறேன், மறுநாளே மறந்துடுதுன்னு கேட்டிருக்கீங்க. மறக்கத்தான் செய்யும். கீ சிக்னேச்சர்ங்கறது நோட்டேஷன் வரி ஆரம்பத்துல போட்டிருக்கற ஷார்ப், ஃப்ளாட் குறிகள். ஷார்ப்னா ஒட்டினாப்ல மேல இருக்கற கட்டை, ஃப்ளாட்னா கீழ இருக்கற கட்டை. டேபிளை மூடி வச்சுட்டு கீபோர்டு முன்னாடி உக்காருங்க, ஸ்ருதியை மாத்தற டிரான்ஸ்போஸ் பட்டன் பக்கமே போகாதீங்க.

சி-ல ஆரம்பிச்சு வெள்ளைக் கட்டையா மட்டும் மேல சி வரைக்கும் வாசிங்க. அதான் சி மேஜர், நம்ம சங்கராபரணம் ராகம். ஈ-எஃப் நடுவுலயும் பி-சி நடுவுலயும் கருப்புக் கட்டை கிடையாது, அதனால 3-லேருந்து 4, 7-லேருந்து 8 மட்டும் செமிடோன் (ஒட்டினாப்ல அடுத்த கட்டை), மத்ததெல்லாம் முழு டோன் (ரெண்டு செமிடோன்). எங்க ஆரம்பிச்சாலும் இந்த இடைவெளி வந்தாத்தான் மேஜர்.

இப்ப ஜி-லேருந்து வெள்ளையாவே போங்க. ஈ வரைக்கும் ஒழுங்கா வரும், எஃப் தொட்டதும் இடிக்கும், கர்நாடக சங்கீதம் பழகின காதா இருந்தா இது ஹரிகாம்போஜியாச்சேன்னு தோணும். ஏன்னா ஏழாவது ஸ்வரமான நிஷாதம் ஒரு செமிடோன் கம்மி. எஃப்-ஐ ஷார்ப் ஆக்குங்க, திரும்ப சங்கராபரணம் வந்துடும். ஜி மேஜருக்கு ஒரு ஷார்ப்னு சொல்றதோட மொத்தக் கதையும் இவ்ளோதான். அதே மாதிரி எஃப்-லேருந்து வெள்ளையா வாசிச்சா கல்யாணி வரும், நாலாவது ஸ்வரமான மத்தியமம் ஒரு கட்டை மேல நிக்குது, பி-ஐ ஃப்ளாட் பண்ணினா சரியாயிடும். அதை ஏ ஷார்ப்னு ஏன் எழுதலைன்னா, ஏழு எழுத்தும் ஒவ்வொரு தடவை வரணும், ஏ ஏற்கனவே இருக்கே.

ஜி-லேருந்து அஞ்சாவது ஸ்வரம் டி, அங்க ஆரம்பிச்சா எஃப் ஷார்ப்போட சி-யும் ஷார்ப். இப்படி அஞ்சு அஞ்சா ஏறிப் போனா ஷார்ப் எஃப், சி, ஜி, டி, ஏ, ஈ, பி-ன்னு வரிசையா சேரும், ஃப்ளாட்டுக்கு அதே வரிசை தலைகீழ். நோட்டேஷன் பாக்கறப்ப கடைசி ஷார்ப்புக்கு அடுத்த செமிடோன்தான் மேஜர் கீ, ஃப்ளாட்னா கடைசிக்கு முந்தின ஃப்ளாட்டே கீயோட பேரு, பி, ஈ, ஏ மூணும் ஃப்ளாட்டா இருந்தா ஈ ஃப்ளாட் மேஜர். ஒரே ஒரு ஃப்ளாட் இருந்தா முந்தினது ஏது, அது எஃப் மேஜர், அதை மட்டும் தனியா ஞாபகம் வச்சுக்கோங்க.

எக்ஸாம்ல ஆளை மாட்டி விடறது மைனர்தான். ஒரு ஷார்ப் இருந்தா ஜி மேஜராவும் இருக்கலாம், மூணு செமிடோன் கீழ இருக்கற ஈ மைனராவும் இருக்கலாம், சிக்னேச்சரை மட்டும் பாத்து சொல்லவே முடியாது. கடைசி பேஸ் (கீழ் ஸ்தாயி) நோட்டைப் பாருங்க, நடுவுல டி ஷார்ப் தனியா போட்டிருக்கான்னும் பாருங்க, இருந்தா பெரும்பாலும் ஈ மைனர். அந்த டி ஷார்ப் அந்த பார் (ரெண்டு செங்குத்துக் கோட்டுக்கு நடுவுல இருக்கற பகுதி) முடியற வரைக்கும்தான் செல்லும். சிக்னேச்சர்ல இருக்கற எஃப் ஷார்ப் அப்படியில்ல, எந்த ஆக்டேவ்ல (ஸ்தாயியில) எஃப் வந்தாலும் அதுக்கும் சேத்துத்தான்.