கருக்குழாய்க் கர்ப்பம்: பழைய அழற்சியை மஞ்சள் பால் தணிக்குமா?

கேள்வி: வயது 29. மலேசியாவில், பினாங்கின் பிறையில் வசிக்கிறேன். ஆறாவது வாரத்தில் கரு வலது கருக்குழாயில் தங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்து, கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டார்கள். இரண்டு வாரம் ஆகிறது. பழைய அழற்சி காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அதை ரத்தத்தில் பார்க்க முடியுமா? மஞ்சள் பால் குடித்தால் சரியாகுமா? அம்மா வயிறு உருவிவிடச் சொல்கிறார்.

மருத்துவர் பதில்: முதலில் உருவுவதைப் பற்றி. வேண்டவே வேண்டாம். ஊசி போட்ட பிறகும் குழாய் வெடிக்கலாம். பீட்டா எச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோன் பூஜ்யத்தை நெருங்கும்வரை வாராவாரம் ரத்தம் கொடுங்கள். வலிக்கு பொன்ஸ்டான் (மெஃபனாமிக் அமில மாத்திரை) போடாதீர்கள், பாராசிட்டமால் போதும். ஃபோலிக் அமில மாத்திரையை டாக்டர் சொல்லும்வரை நிறுத்திவையுங்கள். அது ஊசியின் வேலையைக் கெடுக்கும்.

இனி அழற்சி. கருக்குழாய் சுமார் 10 செ.மீ. நீளம், கருப்பையில் சேரும் இடத்தில் உள்துளை 1 மி.மீ. கூட இருக்காது. உள்சுவரில் நுண்மயிர்கள் அலையடித்து, மூன்று நான்கு நாளில் கருவைக் கருப்பைக்குத் தள்ளிக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. உடலுறவில் தொற்றும் கிளமிடியா போன்ற கிருமி ஏறும்போது குழாயின் செல்கள் இண்டர்லூக்கின்-1, இண்டர்லூக்கின்-8, டிஎன்எஃப் ஆல்ஃபா என்ற சைட்டோகைன்களை வெளிவிடுகின்றன. இவை செல்லுக்குச் செல் போகும் ரசாயனச் செய்திகள். இண்டர்லூக்கின்-8 வெள்ளணுக்களை வரவழைக்கிறது. இண்டர்லூக்கின்-1 நுண்மயிர் செல்களையே சேதப்படுத்துகிறது. கிருமி போனாலும் தழும்பு நிற்கும். மயிர் உதிர்ந்த இடத்தில் கரு தேங்கிவிடும்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கருவை வரவேற்கக் கருப்பை சுரக்கும் லிஃப் என்ற சைட்டோகைன், அழற்சி கண்ட குழாயிலும் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கருப்பை சொல்ல வேண்டிய 'இங்கே ஒட்டிக்கொள்' என்ற செய்தியைக் குழாயே சொல்லிவிடுகிறது. நீங்கள் படியேறியதாலோ பாரம் தூக்கியதாலோ இது வரவில்லை.

ரத்தத்தில் சைட்டோகைன் அளவு பார்த்துப் பயனில்லை. சாதாரண காய்ச்சலிலும் அது ஏறும். எந்தக் குழாயில் தழும்பு என்று சொல்லாது. மஞ்சள் பால் உணவாகக் குடிக்கலாம், தழும்பை அது கரைக்காது. உங்களுக்கு வேண்டியது கிளமிடியா பரிசோதனை: சிறுநீர் அல்லது ஸ்வாப் (பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி). பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது, அதனால் கணவரும் செய்துகொள்ள வேண்டும். இருந்தால் வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மி.கி., தினம் இரண்டு வேளை, 7 நாள், இருவருக்கும். அந்த ஒரு வாரம் உறவு வேண்டாம். ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டால் கிருமி திரும்ப வந்துவிடும். வீட்டில் யாராவது புகைத்தால் அதையும் விடச் சொல்லுங்கள்; புகை குழாயின் அசைவைக் கெடுக்கும்.

ஊசிக்குப் பின் குறைந்தது 3 மாதம் கர்ப்பம் வேண்டாம். மறுபடி குழாயில் தங்கும் வாய்ப்பு பத்தில் ஒன்று அளவில் இருப்பதால், இரண்டு கோடு தெரிந்த உடனே கிளினிக்குப் போங்கள்: 48 மணி நேர இடைவெளியில் இரண்டு பீட்டா எச்சிஜி, ஆறாவது வாரத்தில் உள்வழி (யோனி வழி) ஸ்கேன். இப்போதோ அப்போதோ அடிவயிற்றில் திடீர் வலி, தோள் முனையில் குத்தல், மயக்கம், இவற்றில் எது வந்தாலும் தேதி கொடுத்த நாள்வரை காத்திருக்காமல் 999-ஐ அழையுங்கள்.