வேல்ஸ், வலோனியா, வலாக்கியா: பெயர்கள் ஒத்திருப்பது தற்செயலா?

இல்லை. பிரிட்டனின் வேல்ஸ், பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசும் வலோனியா, ருமேனியாவின் வலாக்கியா மூன்றும் ஒரே வேரில் கிளைத்தவை. ஜூலியஸ் சீசர் தம் நூலில் வோல்கே என்ற கெல்டிய இனக்குழுவைக் குறிப்பிடுகிறார். அண்டை வீட்டாரான ஜெர்மானியர் அந்தப் பெயரை ‘வல்ஹஸ்’ என்று வழங்கினர் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. முதலில் கெல்டியரைக் குறித்த சொல், பிறகு லத்தீன் பேசியவர்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

பிரிட்டனில் குடியேறிய ஜெர்மானிய இனத்தவரான ஆங்கிலோ-சாக்சன்கள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களை ‘வெயால்ஹ்’, அதாவது அந்நியர் என்றார்கள். வந்தேறிகள் மண்ணின் மைந்தர்களை அந்நியர் என்றது நல்ல வேடிக்கை! அதே சொல்லுக்கு நாளடைவில் அடிமை என்ற பொருளும் சேர்ந்தது. வேல்ஸ் மக்களோ தம்மைக் ‘கம்ரி’ என்கிறார்கள். ஒரே நாட்டவர் என்று பொருள். கார்ன்வால் என்ற பெயரின் கடைசிப் பாதியிலும் இதே ‘வெயால்ஹ்’தான் இருக்கிறது.

கடையில் வாங்கும் வால்நட்டும் இந்தக் குடும்பம்தான். உள்ளூர் ஹேசல் கொட்டையிலிருந்து பிரித்துக் காட்ட, அதை ‘அந்நியக் கொட்டை’ என்றார்கள்.

ஸ்லாவிய மொழிகள் இச்சொல்லைக் கடன் வாங்கியதால்தான் போலந்து மொழியில் இத்தாலிக்கு ‘வ்வோஹி’ என்று பெயர். ஹங்கேரியர் ‘ஒலாஸ்’ என்றால் இத்தாலியர். ‘ஒலாஹ்’ என்றால் ருமேனியர், இது பழைய வழக்கு. ஜெர்மனில் புரியாத உளறலுக்கு ‘கவுடர்வெல்ஷ்’ என்பார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசுவோர், பிரெஞ்சு பேசும் சக குடிமக்களை இன்றும் ‘வெல்ஷ்’ என்றே அழைக்கிறார்கள்.