கேள்வி-பதில்: விரலால் மீட்டும் டபுள் பேஸுக்கு எந்தக் கம்பி?

கேள்வி: அண்ணா, எனக்கு 26 வயது. கொழும்பில் ஒரு பாண்ட் கலைந்தபோது அவர்களிடமிருந்த பழைய முக்கால் சைஸ் பிளைவூட் டபுள் பேஸை (ஆளுயர வயலின் மாதிரி நிற்கும் தாழ்ந்த சுருதி வாத்தியம்) வாங்கி ஹட்டனுக்குக் கொண்டுவந்தேன். வில்லைத் தொடுவது அபூர்வம். ஞாயிறு கோவிலில் பாடகர் குழுவோடும், சனி இரவு நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் பியானோ, டிரம்ஸோடும் விரலால்தான் வாசிக்கிறேன். கம்பிகள் எந்தக் காலத்தவை என்றே தெரியாது. ஈ கம்பியை மீட்டினால் சத்தம் வந்த இடத்திலேயே செத்துப்போகிறது. ஏப்ரல் சீசனுக்கு முன் மாற்ற வேண்டும். விரலுக்குக் குடல் நரம்புதான் சரி என்கிறார் ஒருவர். இணையத்தில் 'சோலோ' என்று போட்ட செட் ஒன்று பாதி விலைக்குக் கிடக்கிறது. எதை வாங்குவது?
– ஹட்டன் வாசகர்

பதில்: தம்பி, அந்த சோலோ செட் வேண்டாம். சோலோ என்றால் தனியாக வாசிப்பவருக்கு என்று அர்த்தமில்லை. அது வேறு சுருதிக்குச் செய்த கம்பி. உங்களுக்குத் தேவையான ஈ, ஏ, டி, ஜி சுருதிக்குச் செய்த செட்டில் 'ஓர்கெஸ்ட்ரா' என்று இருக்கும். சோலோ செட் அதைவிட ஒரு முழு ஸ்வரம் மேலே கட்டுவதற்கு. அதைக் கீழே இறக்கிக் கட்டினால் தொய்வாக இருக்கும். அந்தத் தொய்வை விரும்பியே அப்படிக் கட்டும் ஜாஸ் வாசிப்பாளர்கள் உண்டு. ஆனால் முதல் தடவை வாங்குகிறவர் அந்தப் பரீட்சையில் காசைப் போடக்கூடாது. இன்னொன்று, நல்ல பெயருள்ள கம்பி பாதி விலைக்குக் கிடைத்தால் போலியாக இருக்கலாம் என்ற சந்தேகம் முதலில் வர வேண்டும்.

குடல் நரம்பைப் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை. 1950கள் வரை ஜாஸில் பெரும்பாலானோர் ஆட்டுக்குடலில் திரித்த நரம்பில்தான் வாசித்தார்கள். மிருதங்கத்தின் தொப்பியில் விழும் அடி மாதிரி முதலில் ஒரு தட்டு, பிறகு உருண்டையான ஒரு நாதம், உடனே முடிந்துவிடும். அந்தச் சத்தத்தின் மேல் எனக்கும் ஆசை. ஒரு வருடம் டி, ஜி இரண்டையும் குடலில் போட்டு வைத்திருந்தேன். ஜூன் மழை தொடங்கியதும் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் சுருதி நகர்ந்திருக்கும். குடல் ஈரத்தைக் குடிக்கும். வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து மழையும் உங்கள் ஊர் மூடுபனியும் அதற்கு ஒத்துவராது. விலையும் கூட, ஆயுளும் குறைவு.

ஆகவே உங்களுக்கு இரும்புக் கம்பிதான். அதிலும் உள்ளே ஒற்றைக் கம்பி ஓடாமல், மெல்லிய இழைகளைக் கயிறு போல முறுக்கி அதன் மேல் உலோகம் சுற்றிய வகை. வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் செய்யும் ஸ்பிரோகோர் இதில் பேர்போனது. மீட்டினால் நாதம் தம்புராவைப் போல நெடுநேரம் நிற்கும். உங்கள் ஈ கம்பியில் இல்லாதது அதுதான். புதிதில் கொஞ்சம் கூசும், உலோகச் சத்தம் தூக்கலாக இருக்கும். சில கிழமைகள் வாசித்தால் அடங்கி இருண்டுவரும். விரலால் மட்டும் வாசிப்பவருக்குப் பல வருடம் உழைக்கும். குறை ஒன்று, வில்லுக்கு அது முரடு. எப்போதாவது வில்லும் எடுப்பீர்கள் என்றால் அமெரிக்காவின் டடாரியோ செய்யும் ஹெலிகோர் ஹைப்ரிட் பாருங்கள். அதே ஹெலிகோரில் விரலால் மீட்டுவதற்கு 'பிஸ்ஸிகாட்டோ' என்றே ஒரு வகை இருக்கிறது. மூன்றாவதும் உண்டு, 'ஓர்கெஸ்ட்ரல்' என்று, அது வில்லுக்கு. பெட்டியைப் பார்க்காமல் 'ஹெலிகோர் தாருங்கள்' என்று மட்டும் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது.

ஜெர்மனியின் பிராஸ்ட்ரோ செய்யும் இவா பிராஸி, ஒப்லிகாட்டோ இரண்டும் செயற்கை இழை. குடலின் சாயல் வரும், ஈரத்துக்கு அவ்வளவு பயப்படாது. ஆனால் விலை ஏறும், ஸ்பிரோகோர் அளவு காலம் உழைக்காது. இருக்கிற காசை இரண்டாவது வருடத்திலும் நினைத்துப் பார்க்கிறவருக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

அடுத்தது இழுவிசை. தோமாஸ்டிக், பிராஸ்ட்ரோ பெட்டிகளில் ஜெர்மன் சொற்கள் இருக்கும். 'வைஹ்' என்றால் மென்மை, 'மிட்டெல்' நடுத்தரம், 'ஸ்டார்க்' வலுவானது. நான்கு கம்பியும் சேர்ந்து பேஸின் மேல் நூறு கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. உங்களுடையது பழைய பிளைவூட் உடம்பு, நீங்கள் இரவில் மணிக்கணக்காக விரலால் வாசிக்கிறவர். என் தெரிவு வைஹ். விரலில் கொப்புளம் குறையும், மேற்பலகையும் கொஞ்சம் மூச்சுவிடும்.

ஆனால் காசை எண்ணுவதற்கு முன் ஒரு மில்லிமீற்றர் ரூலரை எடுங்கள். விரல் அழுத்தும் பலகையான ஃபிங்கர்போர்டின் கீழ்க்கடைசி விளிம்பில் கம்பிக்குக் கீழே நிறுத்திப் பாருங்கள். விரலால் வாசிக்க ஜி கம்பி 5 முதல் 6 மில்லிமீற்றர், ஈ கம்பி 8 முதல் 9 இருந்தால் நல்லது. ஈ 12இல் நின்றால் என்ன கம்பி போட்டாலும் கை வலிக்கும். முதல் செலவு கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜுக்குத்தான். எங்கள் மலையில் இந்த உயரம் ஒரே இடத்தில் நிற்பதுமில்லை. மழைக்காலத்தில் பலகை ஊறி மேலெழும், கம்பியும் உயரும். அதே ஜூலை, ஆகஸ்ட்டில் பண்டாரவளைப் பக்கம் ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக் கொடுக்கும் காய்ந்த காற்று வீசும், அங்கே கம்பி இறங்கி ஃபிங்கர்போர்டில் தட்டும். திருகி உயர்த்தும் பிரிட்ஜ் ஒன்றைப் பொருத்தினால் இந்தத் தொல்லை பாதி தீரும்.

பிறகு பழைய கம்பிகளை ஒவ்வொன்றாகத் தடவுங்கள். விரல்நுனியை மேலிருந்து கீழே மெதுவாக இழுத்துவந்தால் துரு பிடித்த இடம் மண் ஒட்டியது போல நெருடும். சுற்று விலகிய இடத்தில் நகம் மாட்டும். நான்கும் அப்படியிருந்தால் செட். ஈ, ஏ இரண்டு மட்டும் என்றால் அந்த இரண்டையும் தனியாக வாங்கலாம். கீழ்க்கம்பி இரண்டும் ஸ்பிரோகோர், மேலே வேறு வகை என்று கலந்து போடுகிறவர்கள் நிறையப் பேர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியான சைஸ் கம்பி வாங்க, ஃபிங்கர்போர்டின் மேல் விளிம்பிலிருந்து பிரிட்ஜ் வரையுள்ள நீளத்தையும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். முக்கால் சைஸில் அது 104 முதல் 106 சென்ரிமீற்றர் வரை இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் இணையத்தில் காட்டும் விலை கடைசி விலையில்லை. 2024 ஜனவரியில் 18 வீதமான வற் வரி, அனுப்பும் கூலியும் சேர்ந்த பெறுமதியின் மேல்தான் விழும். கூரியர்காரர் தன் கூலியையும் போடுவார். சுங்கத்தில் கேட்டால் காட்ட இன்வொய்சை அச்செடுத்து வைத்திருங்கள். சீசனுக்கு இரண்டு மாதம் முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

மாற்றும்போது நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். கழற்றினால் உள்ளே ஒட்டாமல் நிற்கும் சவுண்ட்போஸ்ட் என்ற மரக்குச்சி விழுந்துவிடக்கூடும், அதை நிமிர்த்த ஆள் தேடிக் கண்டி, கொழும்பு என்று அலைய வேண்டிவரும். ஒன்றைக் கழற்றி, கம்பி கிடக்கும் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்து, புதியதைக் கட்டி சுருதிக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்தது. ஒவ்வொரு தடவையும் பிரிட்ஜைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். கம்பி இறுக இறுக அதன் தலை ஃபிங்கர்போர்டு பக்கம் சாயும். இரண்டு கையாலும் பிடித்து மெல்லப் பின்னால் தள்ளுங்கள்.

கேள்வி: பாடசாலையில் பழைய டபுள் பேஸ் ஒன்று கம்பியில்லாமல் நிற்கிறது. பேஸ் கிட்டார் கம்பி மலிவாகக் கிடைக்கிறதே, அதைப் போடலாமா?
– பண்டாரவளை ஆசிரியை

பதில்: எட்டாது, டீச்சர். சாதாரண பேஸ் கிட்டாரின் கம்பி நீளம் 34 அங்குலம், கிட்டத்தட்ட 86 சென்ரிமீற்றர். டபுள் பேஸில் ஒரு மீற்றருக்கு மேல் போக வேண்டும், அதற்கு அப்பால் மேலே சுருதி ஆணிவரைக்கும், கீழே கம்பியை மாட்டும் டெயில்பீஸ்வரைக்கும் வேறு. டபுள் பேஸுக்கென்றே விற்கும் சாதாரண இரும்பு செட் ஒன்று வாங்குங்கள், பிள்ளைகள் பழக அது போதும். அதுவரைக்கும் சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய தேயிலைப் பெட்டி, தும்புத்தடிக் கம்பு, கயிறு மூன்றும் போதும். 1950களில் பிரித்தானிய இளைஞர்கள் டபுள் பேஸ் வாங்க வழியில்லாமல் இப்படித்தான் பேஸ் செய்து பாண்ட் நடத்தினார்கள். பெட்டி தேயிலை ஏற்றிப்போனது. எங்கள் மலைகளிலிருந்து போன பெட்டிகளும் அதில் இருந்திருக்கும் என்று நினைக்க எனக்கு மனம் நிறைகிறது.

கேள்வி: ஐயா, மகளின் வயலினுக்கு வாங்கிய ஏ கம்பியின் சுற்று பத்தே நாளில் பிரிந்துவிட்டது. 'விற்ற கம்பியைத் திருப்பி எடுப்பதில்லை, பிள்ளை இறுக்கியிருப்பாள்' என்கிறார் கடைக்காரர். என்ன செய்யலாம்?
– நாவலப்பிட்டி வாசகர்

பதில்: எந்த இடத்தில் பிரிந்தது என்று பாருங்கள். மேலே கம்பி ஏறிவரும் நட்டு என்ற சின்னக் கட்டையின் பள்ளத்திலோ பிரிட்ஜின் மேலோ பிரிந்திருந்தால் பள்ளம் ஒடுங்கியோ கூராகவோ இருந்து அறுத்திருக்கலாம். அதற்குக் கடையைக் குற்றம் சொல்வது கஷ்டம். புதுக் கம்பி போட்டாலும் அதே கதிதான், முதலில் பள்ளத்தைத் தேய்த்துச் சரிசெய்யுங்கள். விரல் அழுத்தும் இடத்தில் பிரிந்திருந்தால் வேறு கதை. அலுமினியம் சுற்றிய ஏ கம்பி வியர்வையிலும் கமகத்தின் தேய்ப்பிலும் பிரிவது உண்மைதான், ஆனால் அதற்கு மாதங்கள் எடுக்கும். பத்து நாளில் பிரிந்தது சரக்கின் குறை.

பில்லோடு போய் இதையே அமைதியாகச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கத்தில் அழைத்துக் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கிய நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பிரிந்த கம்பியை எறிந்துவிடாதீர்கள். வளையமாகச் சுற்றி, வந்த உறைக்குள்ளேயே பில்லின் பிரதியோடு போட்டு வையுங்கள்.