அந்தக் கடைசி வரி முக்கியம், சகோதரி

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்துக் கிராமம். வயது 46. சைவம். மகளிர் குழுவில் பத்து வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆறு மாதமாக ஒரே பக்கத்தை மூன்று தடவை கூட்டினால் மூன்று விடை வருகிறது. பேசும்போதே வார்த்தை நின்றுவிடுகிறது. மாமியாருக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிட்டதோ? நாலு மணிக்கு எழுந்து பால் கறந்தால், கணக்கு எழுத ராத்திரி பத்தாகிவிடும். பால் முழுக்க சொசைட்டிக்குத்தான். சர்க்கரைக்கு எட்டு வருஷமாக மெட்ஃபார்மின். உள்ளங்காலில் மரமரப்பும் உண்டு.

பதில்: போகிற போக்கில் எழுதிய அந்த மரமரப்பிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், சகோதரி.

மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 உடம்பில் சரியாகச் சேராது. இயல்பாக அந்தச் சத்து கிடைப்பது மீன், முட்டை, கறி, பாலில்தான். சைவமான உங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அதையும் சொசைட்டிக்கு ஊற்றிவிடுகிறீர்கள். பி12 குறைந்தால் கால் மரத்துப்போகும், கவனம் சிதறும், ஞாபகம் தடுமாறும். சர்க்கரையாலும் கால் மரமரக்கும் என்பதால் ஊகம் வேண்டாம். டாக்டரிடம் மெட்ஃபார்மின் விஷயத்தைச் சொல்லி பி12, ஹீமோகுளோபின், தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரை அளவு நான்கையும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. அதுவும் மூளையை மந்தமாக்கும். மாதவிலக்கு நிற்கப்போகும் வயதும் ஒரு காரணமாகலாம்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சோர்வுக்கு என்று யாரோ தரும் ஃபோலிக் அமில மாத்திரையைப் பி12 பார்க்காமல் விழுங்கவும் வேண்டாம். ரத்தம் தேறியதுபோல் தெரியும். உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

மாமியாரை நீங்கள்தானே பார்த்துக்கொண்டிருப்பீர்கள்? மறக்கிறோம் என்று அவர் கவலைப்பட்டாரா, வீட்டார்தான் கண்டுபிடித்தீர்களா? மறதி நோயில் பெரும்பாலும் கூட இருப்பவர்களுக்குத்தான் முதலில் தெரியும். உங்கள் தடுமாற்றத்தைத் தேதி போட்டதுபோல் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது. ஆனால் திடீரென்று வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள்.

நாலு மணிக்கு எழுகிறவர் பத்து மணிக்குக் கணக்கு நோட்டைத் திறந்தால் யாருக்கும் கூட்டல் தப்பும். அந்த நேரம் தூக்கத்துக்கு உரியது. காலை வேலை ஓய்ந்ததும், போனைத் தள்ளிவைத்துவிட்டு உட்காருங்கள். கறக்கிற பாலில் அரை லிட்டரை வீட்டுக்கு நிறுத்துங்கள், அது உங்களுக்கும்தான். தொகையை இன்னொரு உறுப்பினர் வாய்விட்டுப் படிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். பக்கம் முடிந்ததும் அவரும் ஒருமுறை கூட்டட்டும்.